ஜேசிபி குடுத்த லீவு

ஏய்யா, போன மாசம் எங்க தெருவுல குடிதண்ணிக் குழாய் பதிக்க ஜேசிபி வந்துச்சி. ஒரே வாரு. மண்ணோட சேத்து இன்டர்நெட் வயரையும் அள்ளி வெளிய போட்டுட்டு, ஒண்ணுந் தெரியாத பிள்ளை மாதிரி அடுத்த தெருவுக்குப் போயிருச்சி. எம் மக வழிப் பேரன் மாடியில இருந்து கத்துன கத்துல, தேளுதான் கொட்டிருச்சோன்னு நான் சுண்ணாம்பு டப்பாவைத் தூக்கிட்டு ஓடுனேன்.

பய அப்ப பெங்களூர்க் கம்பெனிக்கு வீட்டுல இருந்தே வேலை பாத்துக்கிட்டிருந்தான். வயரு ஒட்டுப் போட மூணு நாளு ஆகும்னுட்டாக. செல்போனைத் தூக்கிக்கிட்டு வேப்பமரத்தடி, தண்ணித்தொட்டி மேல, கோயில் திண்டுன்னு சிக்னல் பிடிச்சி ஆபீசுக்கு ஒரு வழியாச் சேதி சொன்னான். அவுகளும் சரி, லீவு போட்டுக்கோன்னுட்டாக. சந்தோசப்படணுமா, இல்லையா? கன்னத்துல கைய வச்சிக்கிட்டு உக்காந்திருக்கான்.

"என்னலே?"

"சும்மா இருக்கணுமே தாத்தா."

"இரேன்."

"எப்பிடி இருக்கது?"

கேட்டியா கேள்விய? எங்க வீட்டுக் காளைக்குக்கூட இது தெரியும்யா. ஏர்ல இருந்து அவுத்து விட்டா நிழல்ல படுத்து அசை போடும். அடுத்து என்ன சோலின்னு எந்த மாடாவது மூஞ்சியத் தூக்கிக் கேட்டிருக்கா?

"வாலே, லைப்ரேரிக்குப் போவோம்"னேன். உடனே கிளம்புவான்னு பாத்தா, பேப்பரை எடுத்துத் திட்டம் போடுதான். மூணு நாளைக்கு எத்தனை பக்கம், மணிக்கு எத்தனை பக்கம்னு கணக்கு. அவன் கூட்டாளி ஒருத்தன் வருசத்துக்கு 52 பொஸ்தகம் படிக்கதாச் சபதம் எடுத்திருக்கானாம். இன்னொருத்தன் பொஸ்தகமே தொடுறதில்லையாம். கால் மணி நேரத்துல சுருக்கிச் சொல்லுற ஆப்பு ஒண்ணு வச்சிருக்கானாம். அதையும் ரெட்டை வேகத்துல ஓட விட்டுக் கேப்பானாம். ஏய்யா, பந்தியில உக்காராம, இன்னின்ன வெஞ்சனம் வச்சாகன்னு வாசல்ல நின்னு கேட்டுட்டு வந்தா வயிறு நிறைஞ்சிருமா? அதையும் வேகமாக் கேட்டா ஏப்பம் வருமா?

பேப்பரை வாங்கி மடிச்சி, ஆடுற நாற்காலிக் காலுக்கு அண்டை குடுத்துட்டு, பயலைக் கூட்டிக்கிட்டுப் போனேன்.

எங்க லைப்ரேரி ஒண்ணும் மெட்ராஸ்ல இருக்க கன்னிமாரா இல்ல. ஒரு ஓட்டுக் கட்டடம், ரெண்டு காத்தாடி. அதுல ஒண்ணு சுத்தும், ஒண்ணு சத்தம் மட்டும் போடும். ஒரே தினத்தந்தியை நாலு பேரு நாலாப் பிரிச்சி வச்சிருப்பாக. கன்னித்தீவு இருக்க தாளு எவன் கையில இருக்கோ, அவன்தான் அன்னைக்கி ராசா. 1960-ல ஆரம்பிச்ச கதை, இன்னும் கரை சேரல. அதுக்கு இல்லாத அவசரம் உனக்கு என்னய்யா?

"உள்ள போக எவ்வளவு தாத்தா?"ன்னு பய பர்ஸைத் தடவுதான். உங்கப்பன் முன்னாடியே கட்டிட்டாம்லேன்னேன். முழிக்கான். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாரு, நூலக வரின்னு ஒரு வரி இருக்கும். சொத்து வரியில ரூவாய்க்குப் பத்துப் பைசா. 1948-ல மெட்ராஸ் சர்க்காரு போட்ட நூலகச் சட்டத்துல இருந்து வர்ற வழக்கம். காசைக் கட்டிட்டு அந்தப் பக்கம் எட்டியே பாக்காதவன, மொய் எழுதிட்டுச் சாப்பிடாமப் போறவன்னு சொல்லாம வேற என்ன சொல்ல?

அந்தச் சட்டம் வரணும்னு ஒத்தக் கால்ல நின்னவரு சீர்காழி ரங்கநாதன். அவரு கதையக் கேளு. காலேசுல கணக்கு வாத்தியாரா இருந்த மனுசன். 1924-ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி லைப்ரேரிக்குத் தலைவராப் போட்டாக. போயி உக்காந்தா, பேசுறதுக்கு ஆளு இல்ல, பாடம் நடத்தப் பையங்க இல்ல. சலிச்சிப் போயிட்டாரு. ஒரு வாரங்கூட ஆகல, என்னயப் பழையபடி வாத்தியாராவே அனுப்பிருங்கன்னு மேலிடத்துல போயி நின்னாரு. லண்டனுக்குப் போயி இந்த வேலையக் கத்துக்கிட்டு வாரும், அப்புறமும் பிடிக்கலன்னா பாப்போம்னு அனுப்பி வச்சாக. போனவரு திரும்பி வந்து, இந்தியாவுக்கே லைப்ரேரி வாத்தியாரு ஆயிட்டாரு. அவரு எழுதுன நூலக விதி அஞ்சும் 1931-ல வந்துச்சி. அதே வருசம் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில பொஸ்தகத்தை ஏத்தி ஊர் ஊராக் கொண்டு போனாக. ஆக, வந்து விழுந்த சும்மாவப் பாத்து அரண்டது எம் பேரன் மட்டும் இல்ல. அவரும் அரண்டவருதான். என்ன, அவருக்குக் கப்பல் டிக்கெட் கிடைச்சிச்சி. இவனுக்கு என் சைக்கிள் கேரியர்தான்.

எனக்கு மட்டும் யாரு சொல்லித் தந்தா? இளவட்டத்துல பருத்தி மூடையப் போட்டுட்டு மண்டியில காத்துக் கிடப்பேன். வியாபாரி காலையில வாரேன்னா சாயங்காலம் வருவான். கரிசக்காட்டு வெயிலு தெரியும்ல? மண்டை பிளந்துரும். நிழலுக்காக லைப்ரேரிக்குள்ள நுழைஞ்சேன், அறிவுக்காக இல்ல. கையில அகப்பட்டது மாஸ்கோவுல தமிழ்லயே அச்சடிச்சி வந்த ருஷ்யாக்காரன் பொஸ்தகம். கெட்டி அட்டை, வழவழன்னு தாளு. பேரெல்லாம் ஒரு முழ நீளம். யாரு அண்ணன், யாரு மச்சான்னு பிடிபடவே அம்பது பக்கம் ஆச்சி. அப்புறம் பாத்தா, உள்ள பனி கொட்டுது. வெளிய தார் ரோடு உருகுது. சத்தியமாச் சொல்லுதேன், துண்டை எடுத்துத் தோள்ல போத்திக்கிட்டேன். வியாபாரி வந்து தேடிட்டு, ஆளக் காணோம்னு போயிட்டானாம். மறுநாளு போனேன், விலை மூடைக்கி ரெண்டு ரூவா கூடிக் கிடந்துச்சி. இதை எங்க அய்யாகிட்ட நான் சொல்லவே இல்ல, எம் மகன் சாமர்த்தியசாலின்னு நினைச்சிக்கிட்டே போய்ச் சேந்தாரு.

லைப்ரேரிப் பொஸ்தகத்துல ஒரு வெசயம் இருக்குய்யா, கடையில வாங்குனதுல கிடைக்காது. உனக்கு முன்னால படிச்சவுக எல்லாரும் உள்ளேயே குடியிருப்பாக. ஒரு பக்கத்துல எண்ணெக் கறை. எவளோ அடுப்படியில வச்சிப் படிச்சிருக்கா. ஒரு பக்கத்துல பஸ் டிக்கெட். கதாநாயகி அழுத இடத்துல ஒருத்தன் "பாவம்"னு பென்சில்ல எழுதிருப்பான். அதுக்குக் கீழ இன்னொருத்தன் "நல்லா வேணும்"னு எழுதிருப்பான். துப்பறியும் கதையில மூணாம் பக்கத்துலயே கொலைகாரன் பேரை வட்டம் போட்டு வச்சிட்டுப் போன சண்டாளன் ஒருத்தன் எங்க ஊர்லதான் இருக்கான். முப்பது வருசமாத் தேடுதேன்.

பேரனும் ஒரு தடிப் பொஸ்தகத்தை எடுத்தான். வீட்டுக்கு வந்து என்ன செஞ்சான்? படிச்சானா? சன்னல் ஓரத்துல பொஸ்தகத்தை வச்சி, பக்கத்துல காப்பித் தம்ளரை வச்சி, மூக்குக் கண்ணாடியக் கழட்டி அதுமேல சாய்ச்சி வச்சிப் போட்டோ எடுத்தான். வெளிச்சம் சரியில்லன்னு திரும்ப எடுத்தான். காப்பி ஆறிப் போச்சி. "கண்ணாடியக் கழட்டிட்டா எப்பிடிலே படிப்பே?"ன்னேன். அதை அனுப்பச் சிக்னல் இல்லங்கது அப்புறந்தான் பயலுக்கு ஞாபகம் வந்துச்சி. வேற வழியில்லாம விரிச்சான்.

பத்துப் பக்கத்துல தூங்கிட்டான். தூங்கட்டும். நெஞ்சு மேல பொஸ்தகம் கிடக்கத் தூங்குற தூக்கத்துக்கு ஈடு உண்டா? சாயங்காலம் முழிச்சி, விட்ட இடத்துல இருந்து பிடிச்சான். ராத்திரி தோசைக்குக் கூப்பிட்டா, "இந்தா வாரேன்"ங்கான். மறுநாளு திண்ணையில, அதுக்கு மறுநாளு தொழுவத்துல. எத்தனை பக்கம் ஆச்சின்னு ஒரு தரங்கூடச் சொல்லல. நானும் கேக்கல.

மூணாம் நாளு அந்தியில வயரை ஒட்டிட்டாக. பொஸ்தகத்தைக் கவுத்தி வச்சிட்டு மாடிக்கு ஓடுனவன்தான். வார லீவு முடிஞ்சி பெங்களூருக்கே போயிட்டான். நேத்து போனு வருது. "தாத்தா, அந்தக் கதையில கடைசியில அவ ஊருக்குத் திரும்பி வந்தாளா?"

சொல்லுவனா நானு? பொஸ்தகத்தைத் தவணை மாத்தி வாங்கி வச்சிருக்கேன், வந்து படிலேன்னு வச்சிட்டேன்.

நீயும் ஜேசிபி வரட்டும்னு உக்காந்திராதய்யா. ஆனா நாளைக்கிப் போயிராத. நாளைக்கி வெள்ளிக்கிழமை, எங்க லைப்ரேரிக்கு லீவு.