வெளாட்டுப் படிப்புக்குப் போற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, இங்க வா. இப்படித் திண்ணையில உக்காரு. கம்ப்யூட்டர் கேம்ஸ் டெக்னாலஜியில எம்.எஸ்சி. படிக்க ஸ்காட்லாந்து போறியாம்லா? ஊரே சிரிக்கு. நான் சிரிக்க மாட்டேன். பத்தாங்கிளாசு படிக்கையில உங்கம்மை உன் செல்லுபோனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சா. இன்னைக்கு அவளே நகையை அடகு வச்சு, "போய் வெளாட்டப் படிச்சிட்டு வாய்யா"ன்னு அனுப்புதா. இதுக்கு மேல ஒரு புள்ள சாதிக்க என்னல இருக்கு?

ஊரும் நல்ல ஊராத்தான் பாத்திருக்க. டண்டீ. நான் சாக்கு யாவாரம் பாத்தவன், அந்த ஊரு பேரு எனக்குப் புதுசில்ல. வங்காளத்துச் சணலைக் கப்பல்ல கொண்டுபோயி, திமிங்கில எண்ணெய விட்டுப் பதமாக்கி, கோணியா நெய்து உலகத்துக்கே வித்தவுக. கல்கத்தாவுல மில்லு பெருகவும் அந்தப் பொழப்பு படுத்துச்சு. ஆனா ஊர்க்காரன் முக்காடு போட்டு உக்காரல. 1982-ல அங்க இருந்த டைமெக்ஸ் தொழிற்சாலையில இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்னு ஒரு சின்னக் கம்ப்யூட்டரைச் செஞ்சாக. ஊர்ப் பிள்ளைக அதை நோண்டியே தொழிலைக் கத்துக்கிட்டுதுக. 1987-ல டேவிட் ஜோன்ஸ் டிஎம்ஏ டிசைன்னு ஒரு கம்பெனி தொடங்குனாரு. அதுலருந்துதான் 1991-ல லெம்மிங்ஸ்ங்கிற வெளாட்டு வந்துச்சு; 1997-ல கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ வந்துச்சு. அதே 1997-ல அங்க உள்ள அபர்டே பல்கலைக்கழகம் கேம்ஸுக்குன்னே பட்டப்படிப்பு ஆரம்பிச்சுது. உலகத்துலயே நாங்கதான் முதல்னு சொல்லிக்கிடுதாக. நாமளும் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்குனோம்லா? சந்தனம், குங்குமம் வச்சு, "யாரும் தொடப்படாது"ன்னு துணியப் போட்டு மூடுனோம். பூ மட்டுந்தான் வைக்கல.

சரி, நாள் பூரா வெளாடலாம்னு நெனைச்சுத்தான போற? நேத்து உங்கப்பனுக்குப் பாடத்திட்டத்தை வாசிச்சுக் காட்டுனியே, எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும். பேருலதான் வெளாட்டு நிக்கு, உள்ள பூரா கணக்கு. வெக்டரு, மேட்ரிக்ஸு, சி பிளஸ் பிளஸ்ஸு, ஷேடரு, நெட்வொர்க்கு. பிளஸ் டூவுல மேட்ரிக்ஸ் பரீச்சை அன்னைக்குக் காய்ச்சல்னு போத்திப் படுத்தவன் நீ. இப்ப லச்சக்கணக்குல பணத்தைக் கட்டி அதே காய்ச்சலை வாங்கப் போற. சீமைக் காய்ச்சல், கொஞ்சம் உசந்த ரகமாத்தான் இருக்கும்.

அதைவிட எனக்குப் பிடிச்ச விசயம் ஒண்ணு இருக்கு. திரையில செகண்டுக்கு 60 படம் ஓடணுமாம். கணக்குப் போட்டா ஒரு படத்துக்கு 16.67 மில்லிசெகண்டு. அதுக்குள்ள, ஆடுறவன் எந்தப் பொத்தானை அமுக்குனான்னு பாக்கணும். உருண்டு வார பீப்பா சுவத்துல முட்டுச்சான்னு பாக்கணும். எதிராளி எந்தச் சந்துல வரணும்னு யோசிக்கணும். வெளிச்சம், நெழலு எல்லாத்தையும் வரைஞ்சு முடிக்கணும். ஒண்ணு பிந்துனாலும் படம் திக்கும். ஆடுறவன் உன் ஏழு தலைமொறையையும் இழுத்து வைவான். "இந்தா வாரேன்"னு சொல்லிட்டு அரைமணி நேரம் கழிச்சுச் சோத்துக்கு வார பய நீ. உன்னைய மில்லிசெகண்டுல கட்டிப் போடப் போறாகன்னு நெனைச்சா, எனக்கு மனசு குளிர்ந்து போகுதுல.

அப்புறம் ஏதோ குவாட்டர்னியன்னு சொன்னியே. பொம்மையத் திருப்புறதுக்கு மூணு கோணத்தை மட்டும் வச்சுக்கிட்டா, ஒரு கட்டத்துல ரெண்டு அச்சு ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து, ஒரு பக்கமா அது திரும்பவே மாட்டேங்குமாம். அதுக்கு மருந்து, நாலு எண்ணு சேந்த ஒரு கணக்கு. ஹாமில்டன்னு ஒரு மனுசன் 1843-ல டப்ளின் கால்வாய்க் கரையில சம்சாரத்தோட நடந்து போகையில அது பொறி தட்டி, அங்கனயே பாலத்துக் கல்லுல கீறி வச்சாராம். அந்தம்மா என்ன சொல்லி வஞ்சாகளோ! எதிராளி வழி கண்டுபிடிக்க ஏ ஸ்டாருன்னு வச்சிருக்காகளே, அது 1968-ல வந்தது. ஆக, நீ புதுசு புதுசுன்னு பீத்துறது பூராத் தாத்தன் காலத்துச் சரக்கு. உந்தாத்தன் ஓசியில சொன்னாக் காதுல ஏறாது. அடுத்த வீட்டுத் தாத்தன் சொன்னதைக் கட்டணங் கட்டிக் கேக்கப் போற. போயிட்டு வா.

வேலைக்கு வருவோம். 2024 சனவரியில மைக்ரோசாஃப்ட் கேம்ஸ் பிரிவுல மட்டும் 1,900 பேருக்குச் சீட்டுக் கிழிச்சுது. அதே மாசம் யூனிட்டிக் கம்பெனி 1,800 பேரை வீட்டுக்கு அனுப்பப் போறேன்னுது. உன் மடிக்கணினியில வச்சிருக்கியே யூனிட்டி, அதைச் செஞ்சவுகதான். அதனால, "படிச்சு முடிச்ச மறுநாளே வேலை"ன்னு ஏசெண்டு சொல்லுதான்னா சண்டைக்குப் போகாத. "அண்ணாச்சி, உங்க பையன் என்ன படிக்கான்?"னு மரியாதையாக் கேளு. பதிலு வருதோ இல்லையோ, முகத்தை மட்டும் பாத்துக்க.

போகாதன்னு சொல்லுதேன்னு நெனைச்சுக்கிடாத. போ. ஆனா அது ஒரு வருசப் படிப்பு. 180 கிரெடிட்டு, அதுல 60 கடைசி ஆய்வுக்கே போயிரும். நீ எறங்கி, கம்பளிச் சட்டை வாங்கி, ரூமு பிடிச்சு, பொன்னி அரிசி எந்தக் கடையில கிடைக்கும்னு கண்டுபிடிக்கதுக்குள்ள ஒரு பருவம் முடிஞ்சிரும். அதுக்கப்புறம் "எங்க தொடங்க?"ன்னு முழிக்கப்படாது. இங்கயிருந்தே ஒரு வெளாட்டைச் செஞ்சு முடிச்சிட்டுப் போ.

பெருசா வேண்டாம்ல. எடுத்த எடுப்புல ஒரு பட்டணத்தையே எழுப்புதேன்னு உக்காராத. அதையெல்லாம் நூத்துக்கணக்கான பேரு வருசக்கணக்கா முதுகொடிஞ்சு செய்யுதாக. உனக்கு ஒரு பந்து, ஒரு சுவரு, முட்டுனா ஒரு சத்தம், அது போதும். ஆனா தொடங்குனதை முடிச்சிருக்கணும். இன்னொருத்தன் கையில குடுத்து, அவன் நொட்டை சொன்னதைக் கேட்டுத் திருத்தியிருக்கணும். சம்பளம் குடுக்கிறவன், "மார்க்கு அப்புறம் பாத்துக்கிடலாம், என்ன செஞ்சிருக்க, காட்டு"ம்பான். அப்பப் போயி அரைகுறையா நிக்கிற ஏழெட்டைக் காட்டுனா, கூரை போடாத வீடு ஏழு இருக்குன்னு சொல்லிப் பொண்ணு கேட்ட கததான்.

இன்னொண்ணு. அங்க படம் வரையிறவன், சத்தம் போடுறவன், கதை சொல்லுறவன்னு நாலு பேரோட சேந்துதான் வேலை. வீட்டுக்கு விருந்தாளி வந்தா ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்துறவன் நீ. இன்னைக்கு ராத்திரி உங்கத்தை வாரா. கூடத்துல உக்காந்து அவகூட ஒரு மணி நேரம் பேசிப் பழகிக்க. அவளைச் சமாளிச்சவன் எந்த டீமையும் சமாளிப்பான்.

வெளாட்டு முடிஞ்சதும் முதல்ல எங்கிட்டக் கொண்டா. கண்ணாடி போட்டுக்கிட்டு ஆடிப் பாப்பேன். நீ பக்கத்துல இருந்து, "அப்படியில்ல தாத்தா, இப்படி"ன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாது. சொல்லாமலே எனக்கு வெளங்குச்சுன்னா பெட்டியக் கட்டு. வெளங்கலன்னா உக்காந்து திருத்து. பிளேன் டிக்கெட்டு இன்னும் போடலைன்னு உங்கப்பன்ட்ட கேட்டுக்கிட்டுத்தான் இவ்வளவும் பேசுதேன்.