லினக்ஸ் தம்பி

லிந்துலைக் கடைவீதியில் போட்டோ கொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் படம் மூன்றும் ஒரே மேசையில் நடக்கிற கடையில் எட்டிப் பாருங்கள். பின்பக்கம் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தைத் தட்டிக்கொண்டு ஓர் இளைஞர் இருப்பார். அவர்தான் லினக்ஸ் தம்பி. இவரது பங்காளிகள் தலவாக்கலையிலும் ஹட்டனிலும் உண்டு.

கணினியைத் திருத்துவது இவருக்கு இரண்டாம் வேலை. உள்ளே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் லினக்ஸின் மையமான கெர்னல் என்ன பெயர் வைத்திருக்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை.

"தம்பி, பிரிண்டர் அடிக்குதில்ல" என்று வாத்தியார் வருவார்.

"சேர், அதுக்குப் பேர் 1-1.4. முதலாவது யூ.எஸ்.பி. பஸ், முதலாவது போர்ட், அங்க ஒரு ஹப், அந்த ஹப்புல நாலாவது ஓட்டை."

"ஓட்டையில செருகினதே நான்தானே தம்பி! அடிக்குமா, அடிக்காதா?"

அது தம்பியின் துறை அல்ல. அவர் வரலாற்றுக்குப் போய்விடுவார். முன்பெல்லாம் எந்த நெட்வேர்க் அட்டையைக் கெர்னல் முதலில் கண்டதோ அது ஈத்0, அடுத்தது ஈத்1. மறுநாள் கண்ட வரிசை மாறினால் பெயரும் மாறிவிடும். அந்த அநியாயத்துக்கு முடிவு கட்ட, அட்டை இருக்கிற இடத்தையே பெயராக்கும் வழக்கத்தை 2013 ஜனவரியில் சிஸ்டம்டி என்ற மென்பொருளின் 197ஆம் பதிப்பு கொண்டுவந்தது. மூன்றாம் பஸ்ஸில் பூச்சியமாம் ஸ்லொட் என்றால் ஈ.என்.பி.3.எஸ்.0. வீட்டார் பிறந்தநாளெல்லாம் மறந்தாலும் அந்த ஜனவரியைத் தம்பி மறக்கமாட்டார்.

"எல்லாத்துக்கும் நிலையான பேர் வேணும்க்கா" என்பார், கொப்பி எடுக்க வந்த அக்காவிடம்.

"எனக்கெல்லாம் ஏது தம்பி நிலையான பேரு? கொழுந்து குறைஞ்சிருச்சுன்னு நேத்து அரைப்பேர்தான் போட்டாங்க, அரைநாள் சம்பளந்தான்."

தம்பிக்குச் சரியான சோடி ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஐயா ஒருவர்தான். அந்த அட்டையின் பீ.சீ.ஐ. முகவரி 0000:03:00.0 என்று தம்பி எழுதிக் காட்டியதும், ஐயா கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "முதல்ல தோட்டம், பிறகு டிவிசன், பிறகு லயம், புள்ளிக்கு அப்புறம் காம்பரா. அவ்வளவுதானே?"

தம்பி ஆடிப்போனார். டொமைன், பஸ், டிவைஸ், ஃபங்ஷன் என்று தான் மாதக்கணக்கில் படித்தது இவ்வளவுதான். அன்று முதல் பாடமே மாறிவிட்டது. ஒரு டிவிசனுக்கு 32 லயம், ஒரு லயத்துக்கு 8 காம்பரா, ஒரு தோட்டத்துக்கு 256 டிவிசன்.

"256 டிவிசனா? கொழுந்து நிறுக்கவே விடிஞ்சிரும்" என்ற ஐயா, கூடவே ஒரு கேள்வியையும் போட்டார். "நடுவுல புதுசா ஒரு டிவிசனைப் பிரிச்சா, கீழ இருக்கிறதுக்கெல்லாம் நம்பர் தள்ளுமே?"

தள்ளும். புதிதாக ஓர் அட்டையைச் செருகினால் பஸ் எண்கள் நகர்ந்து, ஈ.என்.பி.3.எஸ்.0 மறுநாள் ஈ.என்.பி.4.எஸ்.0 ஆகிவிடுவதுண்டு. இணையமும் நின்றுபோகும். தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு ரீலோட் போடப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கூரியர்காரர் போன் எடுத்தார். தம்பி தருவித்த அட்டை வந்திருக்கிறது, வீட்டைக் காணோம். தம்பி தோட்டத்தைச் சொன்னார், மேல் டிவிசனைச் சொன்னார். லயத்துக்கு இலக்கம் கேட்டால், சுவரில் எழுதியிருந்தது பழைய மழையோடு போய்விட்டது. தபால் என்றால் தோட்டத்து ஒபிஸில் போட்டுவிட்டுப் போகலாம். கூரியருக்குக் கையொப்பம் வேண்டும்.

கடைசியில் தம்பி சொன்னார்: "நாகசேனைச் சந்திக்கு வந்திருங்க அண்ணே. பச்சைக் குல்லா போட்டிருப்பேன்."

கணக்கப்பிள்ளை ஐயா கொப்பிக் காசை மேசையில் வைத்தார். "போய்ச் சேர்ற வரைக்கும் குல்லாவைக் கழட்டிராத தம்பி. பேரு மாறிரும்."