சிரிக்க ஆள் வைத்திருக்கிறார்கள்

இப்போதெல்லாம் நகைச்சுவை நிகழ்ச்சிக்கு நான் சிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த வேலையை டிவியே பார்த்துக்கொள்கிறது. மேடையில் ஒருவர் ஒரு வரி சொல்வார். உடனே ஒரு நடுவர் சோபாவில் சரிவார்; பக்கத்து நடுவர் அவர் தோளில் விழுவார்; மூன்றாமவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அதையே 'டொய்ங்' என்ற சத்தத்தோடு இன்னொரு தடவை மெதுவாக ஓட்டிக் காட்டுவார்கள். இதற்குள் அந்த ஒரு வரி எனக்கு மறந்துபோயிருக்கும். பாதகமில்லை, சிரிப்பு நடந்தாகிவிட்டது.

எண்பதுகளில் இந்த வசதி கிடையாது. சென்னைத் தொலைக்காட்சி ஒன்றுதான், எஸ்.வி.சேகரின் 'வண்ணக் கோலங்கள்' வந்தால் டிவி இருக்கிற வீட்டுக் கூடத்தில் பாதித் தெரு உட்கார்ந்திருக்கும். சிரிப்பதை நாங்களேதான் சிரித்துக்கொள்ள வேண்டும்.

1984-இல் 'யே ஜோ ஹை ஜிந்தகி' வந்தபோதுதான் சிக்கல். சதீஷ் ஷா வாரத்துக்கு ஒரு வேஷத்தில் வருவார். முகத்தைப் பார்த்தே பாதி சிரித்துவிடலாம். மீதிப் பாதி இந்தி. 1965-இல் இந்தியை எதிர்த்து ஊர்வலம் போன எதிர்வீட்டுக்காரர்கூடத் தவறாமல் ஆஜராவார். எங்களுக்கெல்லாம் ஒரே கதி, நாக்பூரில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வுபெற்று வந்திருந்த மாமா. அவர் சிரித்தால் கூடமே சிரிக்கும். சில நேரம் அவர் இருமுவார், அதற்கும் சிரித்திருக்கிறோம். இன்றைய நடுவர்களுக்கு முன்னோடி அவர்தான். சன்மானம் ஒரு டம்ளர் காபி.

கிரேஸி மோகன் வேறு ரகம். அவர் நாடகங்களில் பெரும்பாலும் நாயகன் மாது, நாயகி ஜானகி. மேடையிலிருந்து டிவிக்கு வந்தபோதும் அவருக்குத் தேவைப்பட்டது எங்கள் காதுதான். அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அம்மா ஒரு ஜோக்கையும் விடமாட்டாள். அப்பாவுக்கு மட்டும் எப்போதும் ஒரு ஜோக் பாக்கி. முந்தையதற்கு அவர் சிரிக்கிற சத்தத்தில் அடுத்தது எங்களுக்குக் கேட்காது. "சிரிக்கிறதை மெதுவாச் சிரிங்க!" என்று உள்ளேயிருந்து குரல் வரும். வசனத்தை அவ்வளவு நெருக்கி அடுக்கியிருப்பார் மனிதர். மூச்சு வாங்க இடம் கொடுத்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

பிறகு விஜய் டிவியில் 'லொள்ளு சபா'. இதற்குக் காது போதாது, ஞாபகசக்தி வேண்டும். எந்தப் படத்தைக் கிண்டல் செய்கிறார்களோ அதைப் பார்த்திருக்க வேண்டும். சந்தானம் மூல நாயகனைப் போலவே விறைப்பாக நிற்பார். மனோகர் கையையும் காலையும் தனித்தனித் திசையில் வீசிக்கொண்டு வந்து அந்த விறைப்பைக் கெடுப்பார். நாங்கள் காசு கொடுத்து அழுதுவிட்டு வந்த காட்சிகள் எல்லாம் இலவசமாகச் சந்தி சிரித்தன.

'அது இது எது'வின் 'சிரிச்சா போச்சு' சுற்றை மட்டும் நான் இன்றும் விட்டுக்கொடுக்கமாட்டேன். அங்கே சிரித்தவர் தோற்றார். வடிவேல் பாலாஜி ஏதாவது ஒரு வேஷத்தில் வந்து பக்கத்தில் நிற்பார். போட்டியாளர் உதட்டைக் கடித்து, கூரையைப் பார்த்து, வீட்டுக் கடனையெல்லாம் நினைத்துக்கொள்வதுபோல முகத்தை வைத்துக்கொள்வார். அவர் அடக்கியதை நாங்கள் வெளியே விட்டோம். டிவியும் வீடும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்ட கடைசிக் காலம் அது.

என் பேத்தி இதையெல்லாம் போனில், துண்டு துண்டாக, காதில் ஒன்றைச் செருகிக்கொண்டு பார்க்கிறாள். 'லொள்ளு சபா' அவளுக்கு மனப்பாடம். மூலப்படம் எதையும் பார்த்ததில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவற்றில் ஒன்று டிவியில் வந்ததே என்று வலிய உட்கார வைத்தேன். தாய் உயிரை விடுகிற கட்டம். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்க, அவள் சோபாவில் சரிந்து சரிந்து சிரிக்கிறாள்.

"என்னடி சிரிப்பு?"

"அப்படியே சந்தானத்தைக் காப்பி அடிச்சிருக்காங்க, தாத்தா!"