பொங்காத பொங்கல்

வாடா பேராண்டி, ஒக்காரு. சிங்கப்பூருப் பொங்கல் எப்படின்னு கேட்டியே, சொல்றேன்.

அங்க தீபாவளிக்கு லீவு உண்டு, பொங்கலுக்குக் கெடையாது. வேலைக்கு ஓடணுமில்ல, பேத்தி காலங்காத்தால கேஸ் அடுப்பைப் பத்த வெச்சுட்டா. மாப்பிள்ளையோ செல்லுல நம்மூரு நாள்காட்டியத் தொறந்து நல்ல நேரம் தேடுறாரு. நம்ம குன்னத்துல வெடியறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே அங்க சூரியன் வந்துருது. படையல் சூரியனுக்கா, நாள்காட்டிக்கா?

எவர்சில்வர் குண்டான், கழுத்துல தேக்காக் கடைத்தெருவுல காசு குடுத்து வாங்குன மஞ்சக்கொத்து. கூரையில வட்டமா ஒரு டப்பா. பொகை பட்டா கத்துமாம். பால் நொரை கட்டி விளிம்புக்கு ஏறுச்சு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள பேத்தி அடுப்பைத் தணிச்சுட்டா. பொங்காமலே ஒரு பொங்கல்! "பொங்கலோ பொங்கல்" கூடக் கிசுகிசுன்னுதான். பக்கத்து வூட்டு சீனக் கெழவி தூங்குதாம்.

அந்தக் கெழவி நல்ல மனுஷி. சக்கரைப் பொங்கல ரெண்டு தரம் கேட்டு வாங்கித் தின்னுச்சு. அவங்க புத்தாண்டு வந்ததும் ஆரஞ்சு கொண்டாந்துச்சு, சோடியா. நல்ல காரியத்துக்குப் பணம் குடுத்தாலும் ரெட்டைப்படையாத்தான் குடுப்பாங்களாம், அதுலயும் நாலு ஆகாதாம். நாம மொய் எழுதுறப்ப 500 குடுத்தா ஆகாதுன்னு ஒத்த ரூவாயத் தேடி இடுப்பைத் தடவுறோம். ரெண்டு ஊர்லயும் கல்யாணம் நடக்குது, புள்ளையும் பொறக்குது. கணக்குல யாருடா தப்பு?

மாட்டுக் கதையக் கேளு. தேக்காவுல, கேம்பல் லேன்ல கொட்டாய் போட்டு மாடு கட்டியிருந்தாங்க. பண்ணையிலேருந்து லாரியில வந்த மாடு. மாட்டப் பாக்க வரிசை! பொடுசு ஒண்ணு ஒரு கையால மூக்கப் பொத்திக்கிட்டு மறு கையால போட்டோவுக்கு வெரலக் காட்டுது. மாடு அதையும் பாத்துச்சு, என்னையும் பாத்துச்சு. நீயாவது ஊர்க்காரனான்னு கேட்ட மாதிரி இருந்துச்சு.

சிரிக்கிறியா? சிரி, சிரி. நம்ம தெருவுல இப்ப எத்தன கட்டுத்தறியில மாடு நிக்குது? மக்காச்சோளக் காட்டுல டிராக்டர் ஓடுது, கட்டுத்தறியில உன் பைக் நிக்குது. மாட்டுப் பொங்கலுக்கு அந்த பைக்குக்குச் சந்தனம் வெச்சுக் குங்குமம் இட்டது யாரு? அவனுங்களுக்காவது மாடு கெடைக்கல, காட்டணும்னு லாரி புடிச்சானுங்க. வாசல் மரத்துல மாவெல தொங்குது, பறிக்க ஒனக்குக் கை நோவுது. அடுத்த அறையில படுத்துக்கிட்டே எனக்கு வாட்ஸப்புல பொங்கல் பானை அனுப்புற பய நீ.

வர்ற தைக்கு எந்திரிச்சு வாசலுக்கு வா. வெறகை நான் பொளந்து வெக்கிறேன், அடுப்ப நீ தள்ளு. பால் வழிஞ்சா வழியட்டும். நம்ம கூரையில கத்துற டப்பா கெடையாது.