முதலில் தவளைக்குத்தான் தெரியும்

ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி யார் யாருக்கு முதலில் போனது என்று வரலாற்றைக் கிளறினால், முன்வரிசையில் கோதுமை, பூண்டு, எலி, முயல், தவளை எல்லாம் சவுகரியமாக உட்கார்ந்திருக்கும். அடுத்த வரிசை வைத்தியருக்கு. அதற்குப் பின்னால் கணவர், மாமியார், எதிர்வீட்டு அம்மா. சம்பந்தப்பட்ட பெண்ணுக்கு நிற்கத்தான் இடம்.

எகிப்தில் தொடங்குவோம். மூவாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முந்தைய பாப்பிரஸ் சுவடி ஒன்றில் வழிமுறை தெளிவாக இருக்கிறது. நாள் தள்ளிப்போனவள் தினமும் கோதுமை மீதும் பார்லி மீதும் சிறுநீர் கழிக்க வேண்டும். முளைத்தால் பிள்ளை உண்டு. பார்லி முந்தினால் ஆண், கோதுமை முந்தினால் பெண். இரண்டுமே முளைக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம். சிரிப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். 1963இல் இதை ஆய்வுக்கூடத்தில் செய்தே பார்த்தார்கள். கர்ப்பிணிகளின் சிறுநீர் ஊற்றியபோது, ஏறக்குறைய 70 சதவீதச் சோதனைகளில் தானியம் முளைவிட்டது. மற்றவர்களுடையது ஊற்றியதில் பயிர் தலைகாட்டவில்லை. ஆணா, பெண்ணா என்ற ஆருடம் மட்டும் சுத்தப் புளுகு. உலகமோ உண்மையான பாதியை மறந்துவிட்டு, அந்தப் புளுகுப் பாதியைத்தான் விடாமல் கட்டிக்கொண்டு அழுகிறது.

கிரேக்கர்கள் இன்னும் மேலே போனார்கள். ஹிப்போகிராட்டஸ் வழிவந்த நூல்களில் பூண்டு வைத்தியம் ஒன்று உண்டு. ராத்திரி பூண்டை உரித்துக் கீழே வைத்துக்கொண்டு தூங்க வேண்டும். காலையில் வாயில் பூண்டு வாடை வந்தால் அவளுக்குக் கரு தங்கும், வராவிட்டால் மலடி. பெண்ணின் உடம்பு மேலிருந்து கீழே ஒரே குழாய் என்பது சித்தாந்தம். மருத்துவத்தின் தந்தை என்கிறார்கள். தாயிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பிறகு ஐரோப்பாவில் சிறுநீர் ஜோசியர்கள் கிளம்பினார்கள். கண்ணாடிக் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொல்வார்கள். வெளிறிய எலுமிச்சை நிறம், மேலே மேகம் போல ஒரு படலம் என்றால் அம்மணி கர்ப்பம். நோயாளி எதிரில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை; குடுவை வந்தால் போதும், கூடவே காசும். இந்தக் கூட்டத்தைக் கிழித்துத் தோரணம் கட்டி, 1637இல் தாமஸ் பிரையன் என்ற ஆங்கிலேயர் ஒரு புத்தகமே போட்டார். தொழில் படுத்துவிட்டதா என்றால், அதெல்லாம் இல்லை.

அடுத்து நிஜமான விஞ்ஞானம் வந்தது. வந்ததும் முதலில் எலியைக் கொன்றது. 1920களின் கடைசியில் பெர்லினில் செல்மர் ஆஷ்ஹைம், பெர்ன்ஹார்ட் சோண்டெக் என்ற இரண்டு மருத்துவர்கள், கர்ப்பிணியின் சிறுநீரில் ஒரு ஹார்மோன் மிதக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். பருவம் வராத பெண் எலிக்குட்டிகளுக்கு அந்தச் சிறுநீரை ஊசியில் ஏற்றி, நூறு மணி நேரம் கழித்து வயிற்றைக் கிழித்துப் பார்த்தால், சினைப்பைகள் சிவந்து வீங்கி, பெரிய மனுஷிகளாகியிருக்கும். ஒரு பெண்ணின் சந்தேகம் தீர ஐந்து எலிகள் உயிரை விட வேண்டும். இந்த அரிய பணிக்கு ஜெர்மனி செய்த கைம்மாறு: இருவரும் யூதர்கள் என்பதால் நாஜிகள் விரட்டிவிட்டார்கள். ஒருவர் பாரிஸ் போனார். இன்னொருவர் ஜெருசலேம் போனார்.

அமெரிக்காவில் 1931இல் மாரிஸ் ஃப்ரீட்மன் எலியை விட்டுவிட்டு முயலைப் பிடித்தார். முயலின் காது ரத்தக்குழாயில் ஊசி, இரண்டு நாளில் முடிவு. ‘முயல் செத்துப்போச்சு’ என்றால் ‘நான் உண்டாகியிருக்கிறேன்’ என்று அந்த ஊரில் அர்த்தமாகிவிட்டது. உண்மையில், முடிவு எதுவானாலும் முயலைக் கிழித்துத்தான் பார்க்க வேண்டும். அதற்குப் பிழைக்க வழியே கிடையாது.

இந்தச் சாவுகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தது தென்னாப்பிரிக்கத் தவளை. 1930 வாக்கில் கேப் டவுனில் விலங்கியல் பேராசிரியராக இருந்த லான்ஸ்லட் ஹாக்பென், மாட்டின் பிட்யூட்டரிச் சாற்றை ஏற்றினால் அந்த ஊர்ப் பெண் தவளை முட்டையிடுவதைக் கவனித்தார். கர்ப்பிணியின் சிறுநீரை ஏற்றினாலும் இட்டது, அதுவும் அநேகமாக ஒரே ராத்திரிக்குள். தவளை சாகவில்லை, சில வாரம் ஓய்வு கொடுத்தால் மறுபடி டூட்டிக்கு வந்துவிடும். அங்கிருந்த நிறவெறி பிடிக்காமல் ஹாக்பென் லண்டனுக்கு மூட்டை கட்டியபோது, தவளைகளும் கூடவே வந்தன. அப்புறம் உலகமெங்கும் ஆயிரக்கணக்கில் அவை ஏற்றுமதியாயின.

1947இல் அர்ஜென்டினாவின் கார்லோஸ் காலி மைனினி, ஆண் தேரையை வைத்தும் இதைச் செய்யலாம் என்று காட்டினார். ஊசி போட்ட மூன்று மணி நேரத்தில் விந்து வெளிவந்தால் விடை கிடைத்துவிடும். பல்லாயிரம் ஆண்டுப் பரிசோதனை வரலாற்றில் ஆண் வர்க்கம் கொஞ்சம் சிரமப்பட்டது இந்த ஓர் இடத்தில்தான்.

இத்தனையிலும் மாறாதது ஒன்று. குடுவை போவது டாக்டர் வழியாக, முடிவு திரும்புவதும் டாக்டர் வழியாக. நம் பழைய சினிமாவில் நாடி பிடித்த டாக்டர், படுத்திருப்பவளை விட்டுவிட்டு வெளியே வந்து கணவனின் கையைக் குலுக்குவாரே, உலகமெங்கும் அதே காட்சிதான்.

1967இல் நியூ ஜெர்சியில், ஆர்கனான் என்ற மருந்துக் கம்பெனியில், மார்கரெட் கிரேன் என்ற 26 வயதுப் பெண் வேலைக்கு வந்தார். விஞ்ஞானி அல்ல, அழகுசாதனப் பொருட்களுக்கு அட்டைப்பெட்டி வடிவமைக்க வந்தவர். ஆய்வுக்கூடத்தில் வரிசையாகச் சோதனைக் குழாய்கள், கீழே கண்ணாடி. தவளைக்கு ஓய்வு கொடுத்து, ரசாயனம் பொறுப்பேற்றிருந்த காலம் அது. இதென்ன என்று கேட்டார். கர்ப்பப் பரிசோதனை என்றார்கள். ‘இவ்வளவுதானா, இதை வீட்டிலேயே செய்யலாமே’ என்று அவருக்குத் தோன்றியது. பேப்பர் கிளிப் போட்டுவைக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு மாதிரி செய்து கொண்டுபோனார். மேலதிகாரிகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. டாக்டர்கள் கோபித்துக்கொண்டால் கம்பெனி என்னாவது?

பிறகு லாபம் கண்ணில் பட்டது. உடனே ஆண் வடிவமைப்பாளர்களை வைத்து மாதிரிகள் செய்யச் சொன்னார்கள். பூ, குஞ்சம், கல் பதித்த அலங்காரம் என்று கல்யாணச் சீர்வரிசை மாதிரி வந்து நின்றன. கிரேன் தன் டப்பாவையும் ஓரமாக வைத்தார். விளம்பர நிபுணர் ஐரா ஸ்டர்டவன்ட் நேராக அதைத்தான் எடுத்தார். டப்பாவுக்குச் சந்தை கிடைத்தது. கிரேனுக்கு வாழ்க்கைத் துணை கிடைத்தது.

காப்புரிமை கிரேன் பெயரில்தான் பதிவானது. உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்ததற்கு விலை ஒரு டாலர். 1970களின் தொடக்கத்தில் கனடாவில் டப்பா விற்பனைக்கு வந்தது. அமெரிக்கக் கடைகளுக்கு இப்படிப்பட்ட டப்பாக்கள் வர 1977 ஆயிற்று. இரண்டு மணி நேரம் ஆடாமல் அசையாமல் வைத்திருந்தால் பதில் வரும். எலி, முயல், தவளை, டாக்டர் எல்லோரையும் தாண்டி, தன் வயிற்றில் என்ன இருக்கிறது என்பதை முதல் ஆளாகத் தானே பார்க்கும் உரிமை கடைசியில் பெண்ணுக்கு வந்தது. யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது, சொல்லத்தான் வேண்டுமா என்பதும் அவள் கைக்கு வந்தது. இன்று மருந்துக்கடையில் வாங்கிவந்து, குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ரெண்டு கோடு வருகிறதா என்று பார்ப்பவர்களுக்கெல்லாம் முன்னோடி அந்தக் கிளிப் டப்பாதான்.

2015இல் அந்த முதல் மாதிரி ஏலத்துக்கு வந்தபோது, ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் 11,875 டாலர் கொடுத்து வாங்கியது. ஆர்கனான் தருவதாகச் சொன்ன ஒரு டாலர் மட்டும் கிரேனுக்கு வந்துசேரவே இல்லை. பேறுகாலமே பத்து மாதம்தான். பாக்கிக்கு என்ன கணக்கோ!