ஓடினால் குளிர்ச்சி, நின்றால் கொதிப்பு

இந்த வாரக் கேள்விகள் எல்லாமே ஒரே காரைப் பற்றியவை: போர்ஷே 944. 1980-களில் ஜெர்மனியின் நெக்கார்சுல்ம் ஆலையில் உருவான கார். வயது நாற்பதை நெருங்கியும் தாண்டியும் நிற்கிற இந்தக் கார்களை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அதனால் பதில்கள் கொஞ்சம் நீளும்.

கேள்வி: நெடுஞ்சாலையில் எவ்வளவு வேகம் போனாலும் வெப்ப முள் அசைவதில்லை. ஊருக்குள் வந்து நாலு சிக்னலில் நின்றால் ஏற ஆரம்பிக்கிறது. என் காருக்கு நிற்கவே பிடிக்காதா?

பதில்: நின்றால் மட்டும் சூடாகிறது என்றீர்களே, பாதி நோயை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நின்றதும் அந்தக் காற்று போய்விடுகிறது. அப்போதுதான் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் மின்விசிறி சுழல வேண்டும். அதற்கு உத்தரவு கொடுப்பது ரேடியேட்டரில் திருகியிருக்கும் கட்டைவிரல் அளவு வெப்ப சுவிட்ச். அதற்குள் விரிவடையும் அளவு வேறுபட்ட இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த சின்னத் தகடு ஒன்று இருக்கிறது. கூலன்ட் சூடானதும் தகடு சட்டென்று மறுபக்கம் வளைந்து மின்சாரத்தை இணைக்கும்; ஆறியதும் பழையபடி திரும்பிவிடும். பல ஆண்டுகள் வளைந்து வளைந்து தகடு சோர்ந்துவிடும், அல்லது உள்ளே இருக்கும் தொடுமுனை கருகிவிடும். அதன் பிறகு எவ்வளவு சூடானாலும் உத்தரவு வராது.

கேள்வி: அப்படியானால் சுவிட்சை இன்றே ஆர்டர் செய்துவிடவா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஒரு துண்டு ஒயர் போதும், உண்மை தெரிந்துவிடும்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது சுவிட்சின் கனெக்டரைக் கழற்றுங்கள். உள்ளே மூன்று ஊசிகள் இருந்தால் ஒன்று பொது, மற்ற இரண்டும் விசிறியின் மெதுவான வேகத்துக்கும் முழு வேகத்துக்கும் உரியவை. எது எது என்பதை உங்கள் வருட மாடலின் ஒயரிங் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் ஃபியூஸ் வைத்த ஒயரால், கார்ப் பக்கத்துக் கனெக்டரில் பொது ஊசியையும் மற்றொன்றையும் இணையுங்கள். ஒயரின் நுனி பாடியில் படவே கூடாது.

விசிறி சுழன்றால் மோட்டார், ஃபியூஸ், ரிலே, ஒயர் எல்லாம் நலம்; சந்தேகம் சுவிட்ச் மேல்தான். சுழலவில்லை என்றால் சுவிட்ச் நிரபராதி. அந்த நிலையில் புது சுவிட்ச் வாங்கி மாட்டினால் காசும் போகும், சிக்னலில் கொதிப்பும் தொடரும். ஃபியூஸ் பெட்டியிலிருந்து தேட ஆரம்பியுங்கள். இந்த வயதுக் கார்களில் ஃபியூஸ் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அதைப் பிடித்திருக்கும் கிளிப்பில் பச்சை பூத்திருக்கும். கனெக்டருக்குள்ளும் அதே பச்சை உண்டா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

கேள்வி: முள் சிவப்பை நெருங்குகிறது. ரேடியேட்டரைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. இதென்ன மாயம்?

பதில்: உடனே எஞ்சினை அணையுங்கள். மாயமும் இல்லை, சுவிட்சின் குற்றமும் இல்லை. 944-இல் சுவிட்ச் ரேடியேட்டரில் இருக்கிறது. முள்ளுக்குத் தகவல் தருகிற சென்சாரோ எஞ்சினில் இருக்கிறது. தெர்மோஸ்டாட் திறக்காமல் இறுகிவிட்டால், அல்லது காற்று அடைத்துக்கொண்டால், கொதிக்கும் கூலன்ட் ரேடியேட்டர் பக்கம் வரவே வராது. சுவிட்சைப் பொறுத்தவரை ஊரெல்லாம் மார்கழி. அது ஏன் விசிறியைப் போடப்போகிறது?

கேள்வி: சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போன பிறகும் ஃபேன் ஓடுகிறது. பேய் பிடித்துவிட்டதா?

பதில்: இல்லை, பொறுப்போடு இருக்கிறது. எஞ்சின் நின்றதும் கூலன்ட் ஓட்டமும் நின்றுவிடும். ஆனால் உலோகத்தில் தேங்கிய சூடு அப்படியே இருக்கும். அதற்காகத்தான் விசிறி இக்னிஷன் இல்லாமலும் ஓடுகிறது. 944 டர்போவில் ஒரு படி மேலே: எஞ்சின் நின்ற பிறகும் டர்போவுக்குக் கூலன்ட் அனுப்பத் தனியாக ஒரு மின் பம்ப்பே உண்டு. ஆனால் ஆறின பிறகும் விசிறி நிற்கவில்லை, காலையில் பேட்டரி காலி என்றால், சுவிட்சோ ரிலேயோ ஒட்டிக்கொண்டுவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று: எப்போது வேண்டுமானாலும் சுழல ஆரம்பிக்கும் விசிறி இது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றாமல் அந்தப் பக்கம் விரலை நீட்டாதீர்கள். இதைச் சொல்லித் தீராது எனக்கு.

கேள்வி: பழைய சுவிட்சை அடுப்படியில் சோதிக்கலாமா?

பதில்: தாராளமாக, சமைக்காத பாத்திரமாக இருந்தால். சுவிட்சின் மூக்குப் பகுதி மட்டும் தண்ணீரில் மூழ்கட்டும், ஊசிகள் வெளியே இருக்கட்டும். வெப்பமானி ஒன்றை நிறுத்தி, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துச் சூடாக்குங்கள். ‘டிக்’ என்ற சத்தத்தோடு மீட்டரில் மின்தடை சுழிக்கு இறங்கினால் உயிர் இருக்கிறது. ஒரு விஷயம்: சுவிட்சில் பொறித்த டிகிரி எண்களில் பெரியது 100-ஐத் தாண்டியிருந்தால், முழு வேகத்துக்கான அந்த இரண்டாம் கட்டம் திறந்த பாத்திரத்தில் இணையாது. தண்ணீர் அதற்கு முன்பே கொதித்துவிடும். காரில் கூலன்ட் தொட்டி மூடியின் அழுத்தமும் ஆன்டிஃப்ரீஸும் சேர்ந்து கொதிநிலையை உயர்த்திவிடுவதால்தான் அங்கே அது வேலை செய்கிறது.

கேள்வி: கடையில் இன்னும் குறைந்த டிகிரிக்கு வேலை செய்யும் சுவிட்சும் இருக்கிறதாம். சீக்கிரம் ஓடினால் நல்லதுதானே?

பதில்: ஓரளவுக்கு. வெயில் ஊரில் சற்றுக் குறைந்த எண் உதவும். தெர்மோஸ்டாட் திறக்கும் வெப்பத்துக்கும் கீழே போய்விட்டால் விசிறிக்கு ஓய்வே கிடைக்காது. முதலில் கம்பெனி கொடுத்த எண்ணையே போடுங்கள்.

கேள்வி: நானே மாற்றலாமா? பயமாக இருக்கிறது.

பதில்: மாற்றலாம். பயம் சூட்டின் மேல் மட்டும் இருக்கட்டும்: சூடான எஞ்சினில் கூலன்ட் மூடியைத் திறக்கவே கூடாது. ராத்திரி முழுக்க ஆறவிட்டுக் காலையில் ஆரம்பியுங்கள்.

காரை ஸ்டாண்டில் பத்திரமாக நிறுத்தி, அடித்தகட்டைக் கழற்றி, கூலன்ட்டை அகலமான தட்டில் பிடியுங்கள். தரையில் சிந்தியதை உடனே துடைத்துவிடுங்கள். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கினால் உயிர் போகும். அளவான ஸ்பானரால் பழைய சுவிட்சைக் கழற்றுங்கள். ரேடியேட்டரின் பக்கத் தொட்டி பிளாஸ்டிக்; முரட்டுத்தனம் காட்டினால் முப்பது ரூபாய் வாஷரில் முடிய வேண்டிய வேலை புது ரேடியேட்டரில் போய் நிற்கும். புது வாஷரோடு, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். மரை ஏறுகிறதா கடிக்கிறதா என்பது விரலுக்குத்தான் தெரியும், ஸ்பானருக்குத் தெரியாது. வாஷர் உட்கார்ந்ததும் இன்னும் கொஞ்சம் இறுக்கினால் போதும். டேப், பசை எதுவும் வேண்டாம்.

பிறகு பாஸ்பேட் இல்லாத கூலன்ட்டையும் வாலைத் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். காரின் மூக்கைச் சற்று உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சினின் முன்பக்கம் கூலன்ட் வெளியேறும் கழுத்தில் உள்ள காற்று வெளியேற்றும் திருகைத் தளர்த்துங்கள். குமிழியும் நுரையும் நின்று கூலன்ட் மட்டும் வரும்வரை காத்திருங்கள். கடைசியாக, நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு, விசிறி தானாகச் சுழன்று தானாக நிற்பதை ஒரு முறையாவது கண்ணால் பாருங்கள். அதுவரை வேலை முடியவில்லை.

கேள்வி: நண்பர் ஒருவர் சுவிட்சே வேண்டாம் என்று டாஷ்போர்டில் ஒரு பொத்தான் வைத்து ஃபேனை ஓட்டுகிறார். நல்ல யோசனைதானே?

பதில்: வழியில் மாட்டிக்கொண்டால் வீடு சேர நல்ல வழி. நிரந்தரமாக என்றால் நான் எதிர்க்கிறேன். பாட்டு, பேச்சு, மழை என்று ஒரு நாள் மறந்துவிடுவீர்கள். 944-இன் எஞ்சின் போர்ஷே 928-இன் வி8-இல் பாதியை எடுத்து வளர்த்தது, தொடக்கத்தில் 2.5 லிட்டர், பிளாக்கும் அலுமினியம், ஹெட்டும் அலுமினியம். ஒரே ஒரு முறை நன்றாகக் கொதித்தாலும் ஹெட் வளையலாம், காஸ்கெட் போகலாம். இப்படி ஒரு எஞ்சினை ஞாபகசக்தியை நம்பி ஓட்டாதீர்கள். பொத்தானை வைத்துக்கொள்ள ஆசை என்றால் சுவிட்சுக்கு இணையாக வையுங்கள், அதற்குப் பதிலாக வேண்டாம்.

கேள்வி: சுவிட்ச் புதிது, ஃபேன் ஒழுங்காக ஓடுகிறது. இப்போது நெடுஞ்சாலையிலும் சூடாகிறதே!

பதில்: அப்படியானால் விசிறியை விட்டுவிடுங்கள். அந்த வேகத்தில் அதற்கு வேலையே இல்லை. அடைத்த ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று வரிசையாகப் பாருங்கள். பம்ப்பைக் கடைசியில் சொன்னாலும் அதன் மேல்தான் எனக்குக் கவலை. 944-இல் வாட்டர் பம்ப்பைச் சுழற்றுவது டைமிங் பெல்ட். பம்ப் இறுகினால் பெல்ட் அறும்; பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். பம்ப் பக்கம் கூலன்ட் கசிவோ பேரிங் சத்தமோ தெரிந்தால் ஸ்டார்ட் செய்யாமல் வண்டியை ஏற்றிக்கொண்டு போங்கள். பெல்ட்டையும் பம்ப்பையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.