லியோனுக்குப் போகும் பிள்ளைகளுக்கு

கேள்வி: லியோன் நகரத்துக்கு மேற்படிப்புக்காகச் சென்றிருக்கும் என் புதல்வன், ‘இங்கே ரொட்டிக் கடை அம்மாள்கூட முகங்கொடுத்துப் பேசுவதில்லை’ என்று எழுதுகிறான். பிரெஞ்சுக்காரர்கள் கர்விகளா? (தஞ்சை வாசகி)

பதில்: கடைக்குள் காலடி வைத்ததும் அவர் வாயிலிருந்து முதலில் புறப்பட்டது ‘போன்ஜூர்’ என்ற வந்தனமா, ‘ஒரு ரொட்டி’ என்ற உத்தரவா என்பதைத் தாங்கள் விசாரித்தறிய வேண்டும். கடையோ, மருந்தகமோ, வைத்தியரிடம் வந்தவர்கள் காத்திருக்கும் கூடமோ, எதற்குள் நுழைந்தாலும், அங்கிருப்போர் முன்பின் அறியாதவரே ஆயினும், நுழைகிறவர் வந்தனம் கூறிவிட்டுத்தான் தம் காரியத்தைப் பிரஸ்தாபிக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சம்பிரதாயம். அதை அநுஷ்டிக்காதவரிடம் அவர்கள் காட்டும் மௌனத்தையே நம் பிள்ளைகள் கர்வமென்று கொள்கிறார்கள். காசு கொடுத்து வாங்குகிறவனும் விற்கிறவளை முதலில் ஒரு மனுஷியாக மதித்தாக வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டை நான் மிக உயர்ந்த நாகரிகமாகவே கருதுகிறேன். மறு கடிதத்தில் அந்த அம்மாளின் க்ஷேமலாபங்களையும் தங்கள் புதல்வர் எழுதுவார், பாருங்கள்.

கேள்வி: வீடு வேண்டுமானால் வங்கிக் கணக்கு எங்கே என்கிறார்கள், கணக்கு வேண்டுமானால் வீட்டு விலாசம் எங்கே என்கிறார்கள். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதைதானா? (லியோன் மாணவர்)

பதில்: முதலில் தற்காலிகமாக ஒரு விலாசத்தைச் சம்பாதியுங்கள். மாணவர் விடுதி அறை கிடைத்தால் உத்தமம்; இல்லையேல், தம் வீட்டில் தங்க இடங்கொடுக்கும் நண்பர் ஒருவர், ‘இவர் என்னோடு வசிக்கிறார்’ என்று கையெழுத்திட்டு, தம் அடையாளச் சீட்டின் நகலையும் மின்சார ரசீதையும் இணைத்துத் தந்தால் வங்கிக் கணக்குத் திறக்க அது போதும். ஜாமீன்தாருக்கும் அலைய வேண்டாம்: 30 வயது வரையிலுள்ள மாணவர்களுக்கு ‘விசால்’ என்ற ஏற்பாடு இலவசமாகவே ஜாமீன் நிற்கிறது, வாடகைப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். வந்திறங்கிய மூன்று மாதத்துக்குள் விசாவை இணையத்தில் பதிவு செய்வதையும் மறக்கலாகாது.

கேள்வி: புதன்கிழமை நண்பகலில் அபாயச் சங்கு ஊதிற்று. யுத்தமா?

பதில்: மாதத்தின் முதற் புதன்கிழமையாயிற்றே! தேசமெங்கும் சங்குகளைப் பரீட்சித்துப் பார்க்கும் நாள் அது. நிம்மதியாகப் போஜனத்துக்குச் செல்லுங்கள்.

கேள்வி: ஆரணியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்த நான், லியோனில் கணினி இயல் படிக்கப் போகிறேன். முதலில் எதைப் பார்க்கட்டும்?

பதில்: தங்கள் தந்தையாரின் தறிக்கு மேலே, துளையிட்ட அட்டைகள் கோத்த ஜக்கார்டு பெட்டி இருக்குமானால், அதன் பூர்விகத்தைப் பாருங்கள், அம்மா. 1752-இல் லியோனில் பிறந்த ஜக்கார்டு என்பவர், முன்னோர் சிலரின் யுக்திகளை ஒன்றுசேர்த்து 1804-இல் உருவாக்கிய சாதனம் அது. துளை இருந்தால் ஊசி செல்லும், இல்லையேல் தடுக்கப்படும் என்ற அந்த எளிய நியமத்தையே பின்னாளில் ஆங்கிலேயக் கணித அறிஞர் பாபேஜ், கணினிக்கு முன்னோடியான தம் கணித யந்திரத்துக்கு எடுத்துக்கொண்டபடியால், தாங்கள் விட்டுச் செல்லும் தறியும் கற்கப் போகும் சாஸ்திரமும் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவை. ரோன், சோன் என்ற இரு நதிகளுக்கும் நடுவே உயர்ந்து நிற்கும் குருவா-ரூஸ் குன்றில் ஏறினால், ஜக்கார்டு தறி நிமிர்ந்து நிற்பதற்கென்றே ஏறக்குறைய 4 மீட்டர் உயரத்தில் விட்டமிட்ட வீடுகளைக் காண்பீர்கள். தெருவுக்குத் தெரு வீடுகளை ஊடுருவிச் செல்லும் ‘திராபூல்’ என்னும் நடைகளில்தான் நெசவாளிகள் பட்டுத் துணியை மழையில் நனையாமல் சுமந்து சென்றார்கள்; நெய்த துணிக்கு நியாயமான கூலியை நிர்ணயிக்கக் கோரி, 1831-இல் அவர்கள் கிளர்ந்தெழுந்து நகரத்தையே சில நாட்கள் தம் வசத்தில் வைத்திருந்ததும் இக்குன்றின் சரித்திரமே. அங்குள்ள நெசவாளர் மாளிகையில் இன்றும் தறி ஓட்டிக் காட்டுகிறார்கள். ஆரணியிலிருந்து வந்தவர் என்றறிந்தால் தங்களை அவர்கள் எளிதில் விடமாட்டார்கள். ஆகையால் புட்டா போடும் முறையையும் ஜரிகைக் கணக்கையும் தந்தையாரிடம் விவரமாகக் கேட்டுக்கொண்டு விமானம் ஏறுங்கள்.